ஊசி போட்ட தோள் மாதக்கணக்கில் வலிக்குதா? இழப்பீடு கேட்க சட்டத்தில் என்ன வழி?

“ஊசி போட்டா கை வலிக்கத்தான் செய்யும், ரெண்டு நாள்ல சரியாயிரும்.” தடுப்பூசி போட்டுக்கொண்ட எல்லோரும் கேட்டிருக்கும் வசனம் இது. பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால், மிகச் சிலருக்கு அந்த ரெண்டு நாள் ரெண்டு மாதமாகி, ஆறு மாதமாகி, தலை சீவக்கூட கையைத் தூக்க முடியாத நிலை வந்துவிடுகிறது. ‘வயசாயிருச்சுல்ல’, ‘ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்திருப்பே’ என்று வீட்டிலேயே அதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிவிடுவார்கள்.

மருத்துவ உலகில் இதற்குத் தனிப் பெயர் உண்டு. ‘தடுப்பூசி போடும் முறையால் ஏற்படும் தோள்பட்டைக் காயம்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக இதை ‘சிர்வா’ என்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு இழப்பீடு தரவே ஒரு சட்டமும் நிதியமும் இருக்கின்றன. இந்தியாவில் இப்படி ஒரு காயம் நேர்ந்தால், அதுவும் நெல்லைப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தனியார் கிளினிக்கிலோ நேர்ந்தால், யாரிடம் கேட்பது? எதை வைத்துக் கேட்பது?

சாதாரண வலி எது, காயம் எது?

ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான வீக்கம், தொட்டால் நோவு போன்றவை உடல் தடுப்பூசிக்குக் காட்டும் இயல்பான எதிர்வினைகள். இரண்டு மூன்று நாளில் அவை அடங்கிவிடும். கையைத் தூக்கினால் வலிக்குமே தவிர, தூக்கவே முடியாமல் போகாது.

சிர்வா அப்படியல்ல. ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே, பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள், தோள் மூட்டில் கடும் வலி தொடங்கும். நாளாக ஆகக் குறையாது. கையைப் பக்கவாட்டில் தூக்குவது, முதுகுப் பக்கம் கொண்டுபோவது, மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுப்பது எல்லாம் சிரமமாகும். அந்தப் பக்கம் படுத்துத் தூங்க முடியாது. எம்ஆர்ஐ எடுத்தால், மூட்டைச் சுற்றியுள்ள திரவப் பையில் அழற்சி, தசைநாண்களில் வீக்கம் அல்லது கிழிசல் தெரியலாம். கவனிக்காமல் விட்டால் மூட்டு இறுகிப்போய், ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று எல்லோரும் சொல்லும் நிலைக்குப் போகலாம்.

எதனால் இப்படி ஆகிறது?

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சிக்கல் மருந்தில் இல்லை, ஊசி இறங்கிய இடத்தில் இருக்கிறது.

தோளில் ஊசி போட வேண்டிய இடம் ‘டெல்டாய்டு’ என்ற சதைப்பற்றான தசை. தோளின் உச்சியில் கையால் தடவினால் ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே, தசையின் நடுப்பகுதியில், செங்குத்தாக ஊசி இறங்க வேண்டும். எலும்பு முனைக்கு மிக அருகில் குத்தினால், ஊசி தசையைத் தாண்டி மூட்டை ஒட்டிய திரவப் பைக்குள் போய்விடும். தசைக்குள் நோய் எதிர்ப்பைத் தூண்ட வேண்டிய மருந்து, இடம் மாறி மூட்டில் அழற்சியைத் தூண்டிவிடுகிறது. 2010-ல் ‘வேக்சின்’ என்ற மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வுக் கட்டுரை ஒன்றுதான் இந்தக் காயத்துக்குத் தனிப் பெயரும் தெளிவான விளக்கமும் கொடுத்தது.

எலும்பு முனைக்கு மிக அருகில் ஊசி போவதற்குச் சின்னச் சின்னக் காரணங்கள் போதும். இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே ஏற்ற முடியாமல், கழுத்துப் பக்கமாகத் துணியை இழுத்து விட்டுப் போடுவது ஒன்று. உட்கார்ந்திருப்பவருக்கு நின்றபடியே போடுவது இன்னொன்று. மெலிந்த உடல்வாகு உள்ளவருக்கு நீளமான ஊசியைப் பயன்படுத்துவதும் ஆபத்துதான். முகாம்களில் வரிசை நீளும்போது இந்தக் கவனம் குறையும்.

இதற்காகத் தடுப்பூசியே வேண்டாம் என்று முடிவெடுப்பது தவறு. இது அரிதான காயம், சரியாகப் போட்டால் தவிர்க்கக்கூடியது. நாய்க்கடிக்கு ஊசி போடாமல் விட்டு ரேபிஸ் வந்தால் உயிர் தப்புவது கிட்டத்தட்ட இயலாத காரியம்.

நெல்லைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தடுப்பூசி என்பது குழந்தைகள் விஷயம் மட்டும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு ரணஜன்னி ஊசி, நாய்க்கடி ஊசி, மேலப்பாளையத்திலிருந்து ஹஜ் போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, ஐடி நிறுவனங்கள் நடத்தும் ஃப்ளூ தடுப்பூசி முகாம் எனப் பெரியவர்களும் தோளைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. தோளில் போடும் ஊசிகள் இனி கூடத்தான் செய்யும்.

தாமிரபரணிக் கரையில் தோள் என்பது பிழைப்பு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் நாற்று நடுகிறவர், முக்கூடல் பக்கம் நாள் முழுக்கத் தட்டை மடியில் வைத்து பீடி சுற்றுகிறவர், பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிறவர் எல்லோருக்கும் கை ஓடினால்தான் கூலி. அலுவலகத்தில் கணினி முன் இருப்பவருக்கு அசௌகரியமாக முடிகிற காயம், இவர்களுக்கு வருமானமே நின்றுபோகிற காயம். அதனால்தான் இழப்பீடு என்ற கேள்வி வருகிறது.

அமெரிக்காவில் என்ன நடைமுறை?

அமெரிக்கா 1986-ல் தடுப்பூசிப் பாதிப்புக்கான தனிச் சட்டம் போட்டது. 1988-லிருந்து இழப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. ஒவ்வொரு தடுப்பூசி டோஸிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வீதம் வரி பிடித்து ஒரு நிதியத்தில் சேர்க்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து பணம் போகிறது. யார் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

2017-ல் சிர்வா இந்தத் திட்டத்தின் காய அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதற்கு நான்கு நிபந்தனைகள். அந்தத் தோளில் முன்பு வலியோ அழற்சியோ இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளில் மட்டுமே இருக்க வேண்டும். வேறு நோயால் வந்தது என்று சொல்ல இடம் இருக்கக் கூடாது. பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனு போடலாம். முதல் அறிகுறி தெரிந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். வலி, வேதனைக்கான தொகைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். நியாயமான அடிப்படையில் போட்ட மனு என்றால், தோற்றாலும் வக்கீல் கட்டணத்தை நிதியமே கொடுக்கும்.

எல்லா நாட்டிலும் இந்தத் தாராளம் கிடையாது. பிரிட்டனில் 1979 சட்டப்படி 1,20,000 பவுண்டு மொத்தமாகக் கிடைக்கும். ஆனால் 60 சதவீத ஊனம் இருந்தால்தான். தோள் காயம் அந்த அளவைத் தொடுவது கடினம். தமிழர்கள் அதிகம் வேலை பார்க்கும் சிங்கப்பூரும் மலேசியாவும் கொரோனா தடுப்பூசிக்கென்று தனி நிதி உதவித் திட்டம் கொண்டுவந்தன. சிங்கப்பூரில் அதிகபட்சம் 2,25,000 சிங்கப்பூர் டாலர், மலேசியாவில் 5,00,000 ரிங்கிட். இரண்டுமே உயிரிழப்பு, நிரந்தர ஊனம் போன்ற கடும் பாதிப்புகளை மனத்தில் வைத்தவை.

இந்தியாவில்?

மருந்துப் பரிசோதனையில் தன்னார்வலராகச் சேர்ந்து பாதிக்கப்பட்டால், 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி இழப்பீடு உண்டு. 2020-ல் சென்னையில் கோவிஷீல்டு பரிசோதனையில் கலந்துகொண்ட ஒருவர், தனக்கு நரம்புப் பாதிப்பு ஏற்பட்டதாகச் சொல்லி 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். சீரம் நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து, 100 கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்போம் என்று பதிலுக்கு எச்சரித்தது. இழப்பீடு கேட்பது எவ்வளவு கடினமான பாதை என்பதற்கு இது ஓர் உதாரணம்.

பரிசோதனை முடிந்து பொதுமக்களுக்குப் போடும் தடுப்பூசி என்றால் நிலைமை வேறு. அமெரிக்காவைப் போலத் தோள் காயத்துக்கென்று அட்டவணையோ நிதியமோ இங்கே இல்லை. கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு மகள்களைப் பறிகொடுத்த பெற்றோர் தொடுத்த வழக்கில், மத்திய அரசு 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தன் நிலைப்பாட்டைச் சொன்னது. தடுப்பூசி கட்டாயமல்ல, பாதிப்புக்கு அரசு நேரடிப் பொறுப்பாகாது, இழப்பீடு வேண்டுவோர் சிவில் நீதிமன்றத்தை அணுகலாம் என்பதே அதன் சாரம். அதே ஆண்டு ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம், தடுப்பூசியின் பின்விளைவால் இறந்தவர்களை அடையாளம் கண்டு இழப்பீடு தர நெறிமுறை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டிருந்தது. அந்த விவகாரமும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

தோள் காயத்தில் ஒரு முக்கிய வித்தியாசம் இருக்கிறது. மருந்தின் அரிய பக்கவிளைவு என்றால் யார் மீதும் குற்றம் சொல்வது கடினம். ஊசியைத் தவறான இடத்தில் போட்டது என்றால் அது ‘கவனக்குறைவு’ என்ற பழகிய சட்டக் கேள்விக்குள் வந்துவிடுகிறது. அதற்கு இந்திய நீதிமன்றங்களில் ஏற்கெனவே பாதை இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்பது ஊசி போட்ட இடத்தைப் பொறுத்தது.

காசு கொடுத்துப் போட்டிருந்தால்...

தனியார் மருத்துவமனையில் கட்டணம் செலுத்திப் போட்டுக்கொண்டவர் சட்டப்படி நுகர்வோர். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சில வசதிகள் உண்டு. சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு நெல்லையில் வசிப்பவர், நெல்லையிலேயே புகார் கொடுக்கலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. ஒரு தடுப்பூசியின் விலை அந்த வரம்பைத் தொடாது. ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே புகாரைப் பதியலாம். ஆனால் கெடு 2 ஆண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை.

‘ஊசி போட்டது நர்ஸ்தானே, எங்களுக்கென்ன’ என்று மருத்துவமனை கைகழுவ முடியாது. தகுதி இல்லாத செவிலியர் போட்ட ஊசியால் ஒரு குழந்தைக்கு மூளை பாதிக்கப்பட்ட ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், மருத்துவமனையே பொறுப்பு என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் என்ற இழப்பீட்டையும் உறுதி செய்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டிருந்தால்...

எல்லோருக்கும் இலவசமாகச் சேவை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. இதுவும் 1995 தீர்ப்பில் இருப்பதுதான். பலர் இங்கேதான் ‘அப்போ ஒண்ணும் பண்ண முடியாது’ என்று விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, சிவில் வழக்கு. அரசு மருத்துவமனை ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று 1996-ல் அச்சுதராவ் கோட்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வழக்கு போடும் முன் சிவில் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவின்படி அரசுக்கு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு. சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்ட விவகாரத்தில், 2019-ல் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அங்கே தவறு வெளிப்படையாகத் தெரிந்தது. தோள் காயத்தில் ‘ஊசி எங்கே இறங்கியது’ என்பதிலேயே சர்ச்சை வரும். அப்படி உண்மைகளே சர்ச்சையில் இருந்தால், சாட்சி விசாரித்து முடிவெடுக்க சிவில் நீதிமன்றத்துக்குப் போகும்படி உயர் நீதிமன்றம் சொல்ல வாய்ப்பு அதிகம்.

எதை நிரூபிக்க வேண்டும்?

மூன்று விஷயங்கள். ஊசி போட்டவர் கடைப்பிடிக்க வேண்டிய முறையிலிருந்து விலகினார். அந்த விலகலால்தான் காயம் வந்தது. காயத்தால் இன்ன நஷ்டம் ஏற்பட்டது.

நடுவில் இருப்பதுதான் கடினம். எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது, ‘உங்களுக்கு சர்க்கரை இருக்கா?’ சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசியே போடாமலும் தோள் இறுகும் என்பது மருத்துவ உண்மை. அடுத்த கேள்வி, ‘முதல்ல எப்போ டாக்டரைப் பார்த்தீங்க?’ ஊசி போட்டு நாலு மாதம் கழித்து முதன்முதலாக மருத்துவரிடம் போனால், வலி அன்றைக்கே தொடங்கியது என்பதற்கு வாய்மொழி தவிர ஆதாரம் இருக்காது. அமெரிக்க அட்டவணை இந்தியாவில் செல்லுபடியாகாது. ஆனாலும், அதிலுள்ள 48 மணி நேரக் கணக்கையும் மற்ற மூன்று நிபந்தனைகளையும் எலும்பு மருத்துவர் தன் கருத்துக்கு மருத்துவ அடிப்படையாகக் காட்ட முடியும்.

எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் சிர்வா போன்ற, பல மருத்துவர்களுக்கே அதிகம் பழக்கமில்லாத காயத்தில் எலும்பு மருத்துவரின் எழுத்துபூர்வமான கருத்து இல்லாமல் வழக்கு நிற்பது கஷ்டம்.

எவ்வளவு கிடைக்கும்?

நிர்ணயித்த தொகை ஏதும் இல்லை. மருத்துவச் செலவு, இழந்த கூலி, இனி குறையப்போகும் வருமானம், வலி வேதனை எனத் தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். நாளுக்கு 500 ரூபாய் வீதம் மாதம் 25 நாள் வேலை பார்ப்பவர் ஆறு மாதம் வீட்டில் இருந்தார் என்று வைத்துக்கொண்டால், கூலி இழப்பு மட்டும் 75,000 ரூபாய். கூலிக்கு ரசீது இருக்காது என்பதால் பீடிக் கடைப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, வங்கிக் கணக்கு வரவு போன்றவை உதவும்.

எதிர்கால வருமானத்துக்கு ஒரு முக்கியமான தீர்ப்பு உண்டு. விபத்து இழப்பீடு தொடர்பான ராஜ்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம், உடல் ஊனத்தின் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்றது. இடது கையை இழந்தவர் டிரைவர் அல்லது தச்சர் என்றால் வருமான இழப்பு கிட்டத்தட்ட முழுமையானது, குமாஸ்தா என்றால் வேலையே போகாமலும் இருக்கலாம் என்பது அதில் சொன்ன உதாரணம். மருத்துவச் சான்றில் தோள் பாதிப்பு சிறிய சதவீதமாக இருந்தாலும், பாய் நெய்பவருக்கு அதன் விலை அதிகம் என்று வாதிட இது இடம் தருகிறது.

வலி தொடங்கியதும் செய்ய வேண்டியவை

- இரண்டு மூன்று நாளில் வலி குறையாமல், கையைத் தூக்கவும் முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஊசி போட்ட தேதி, எந்தக் கை, வலி தொடங்கிய நேரம் மூன்றையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.
- ஊசி போட்ட இடத்தில் புள்ளியோ தடிப்போ தெரிந்தால், தோள் முழுதும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். எலும்பு முனைக்கு எவ்வளவு அருகில் ஊசி போனது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.
- தடுப்பூசி அட்டை, சான்றிதழ், பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தொகுப்பு எண்ணும் போட்ட இடமும் அதில் இருக்கும்.
- ஊசி போட்ட சுகாதார நிலையத்தில் எழுத்துமூலம் தெரிவியுங்கள். ‘தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்பு’ எனப் பதிவு செய்யக் கேளுங்கள். தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம்.
- தனியார் மருத்துவமனையில் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அரசு நிலையம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். பதில் தர 30 நாள் அவகாசம்.
- வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. நுகர்வோர் ஆலோசனைக்கு 1915.

பதிவு செய்வதில் இன்னொரு பயனும் உண்டு. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் குழுக்கள் அவற்றை மருந்தால் வந்தது, மருந்தின் தரக் குறைவால் வந்தது, போடும் முறையில் நேர்ந்த பிழை, பதற்றத்தால் வந்தது, தற்செயல் என வகைப்படுத்துகின்றன. ‘போடும் முறையில் நேர்ந்த பிழை’ என்று ஒரு அரசுக் குழு எழுதினால், நீதிமன்றத்தில் அது வலுவான ஆவணம். தனிநபர்களும் தனியார் மருத்துவர்களும் இத்தகைய பாதிப்புகளை இணையம் வழியாகத் தெரிவிக்க வசதி செய்ய வேண்டும் என்று ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் இதற்காகத்தான்.

வழக்கு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம்

தீர்ப்பு வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். மூட்டு அதுவரை காத்திருக்காது. அழற்சி குறைக்கும் மாத்திரை, இயன்முறைப் பயிற்சி, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி என ஆரம்பத்திலேயே கவனித்தால் பலருக்குக் கை பழையபடி வருகிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவில் காட்டலாம். நடந்து போக முடியாதவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. சிகிச்சையைத் தொடராமல் விட்டால், ‘அவரே கவனிக்காம விட்டுட்டாரு’ என்று எதிர்த்தரப்பு வாதிடவும் வாய்ப்பாகிவிடும்.

அடுத்த முறை ஊசிக்குப் போகும்போது தளர்வான கை வைத்த சட்டையோ ரவிக்கையோ போட்டுக்கொண்டு போங்கள். கழுத்துப் பக்கம் துணியை இழுக்காமல், தோள் முழுவதும் தெரியும்படி கையை ஏற்றிவிட்டு உட்காருங்கள். ஊசி தோளின் உச்சிக்கு மிக அருகில் வருகிற மாதிரித் தெரிந்தால், “இன்னும் கொஞ்சம் கீழ போடுங்க சிஸ்டர்” என்று சொல்லத் தயங்க வேண்டாம்.